சிம்பன்சிப் படத்துக்குத் தமிழ் சொன்ன அன்று

எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் பிரெஞ்சுப் படம் போட்டால், அதற்குத் தமிழ் சொல்ல ஒரே ஆள்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்த ஒரு சொல்தா. திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வார். வெற்றிலை எச்சில் அதில் வழியும். துடைக்காமலே பேசுவார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது.

நான் அப்போது பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சர். ஆப்பிரிக்கக் காட்டில் தங்கி சிம்பன்சிகளைக் கவனித்த ஒரு பெண் ஆராய்ச்சியாளரைப் பற்றிய படம் புதுச்சேரியில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, நடையாய் நடந்து வரவழைத்தேன். எல்லாம் ஒரு மாணவிக்காக. மண்டபத்தூர்ப் பெண், பிளஸ் டூ. விலங்கியல் பட்டப்படிப்புக்குப் போக அவளுக்குக் கொள்ளை ஆசை. அவள் அப்பா மீன் ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்பும் வியாபாரி. "பூச்சி புழுவ அறுத்துப் பாத்து எம்பொண்ணு என்னங்க ஆவப்போறா?" என்று கேட்டுவிட்டார். ஒரு பெண் இதையே வேலையாகச் செய்வதைக் கண்ணால் பார்த்தால் மனசு மாறும் என்று, மகளோடு அவரையும் மாதா கோயில் ஹாலுக்கு வரச் சொன்னேன். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

எனக்கும் பிரெஞ்சு தெரியும். நானே பேசுகிறேன் என்று பங்குச் சாமியாரிடம் கேட்டுப் பார்த்தேன். "அவருதாம்மா வழக்கமா பேசுவாரு, சங்கடப்படுவாரு" என்று முடித்துவிட்டார்.

படம் ஓடியது. அரைக்கால் சட்டை போட்ட அந்தப் பெண் பாறையில் உட்கார்ந்து எழுதுகிறாள். ஒரு தாய்க்குரங்கு பயமில்லாமல் அவள் பக்கத்தில் வந்து உட்காருகிறது. இதற்காக அவள் எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தாள் என்று பிரெஞ்சில் சொல்கிறார்கள். நம் ஆள் சொன்ன தமிழ்: "கட்டிக்க ஆளு கெடைக்கல. அதான் காட்டுல வந்து குடித்தனம் பண்றா." ஹாலே சிரித்தது. ஆண் குரங்கு வந்ததும் "மாப்ள வந்துட்டாரு" என்றார். அடுத்து அவர் சொன்னதை எழுத என் கை கூசுகிறது. காலையில் பூசை கண்ட பெரிய மனிதர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சீ, என்ன ஜனங்கள். கல்யாணமாகாத என்னை வேறு சிலர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மாணவியின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய், "கொடுங்க ஐயா, அவங்க சொல்றத மட்டும் நான் சொல்றேன்" என்று மைக்கை வாங்கினேன். பிசுபிசுவென்றிருந்த அதை முந்தானையால் துடைத்துவிட்டு, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ஹால் அடங்கியது. அப்பாவும் தலை நிமிர்ந்தார்.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. நானும் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஒரு தாயும் மகளும் சேர்ந்து, இன்னொரு தாயின் பச்சைக்குட்டியைப் பிடுங்கித் தின்கின்றன. பெற்றது சுற்றிச் சுற்றி வருகிறது. அதையும் விடாமல் சொன்னேன். யாரோ ஓங்கரித்தார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். மாணவியின் அப்பாவும் எழுந்துவிட்டார். மைக்கை வைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினேன்.

தினமும் சுறாவின் வயிற்றைக் கீறுவதைப் பார்க்கிற மனிதர், முகம் வெளிறிப்போய் வாசலில் நின்றார். "அந்த ஆளு அசிங்கமா பேசுனத விட்டுடுங்க டீச்சர். நீங்க சொன்னதத்தான் தாங்க முடியல. அந்தம்மா பக்கத்துலயே ஒக்காந்து எழுதிக்கிட்டுல்ல இருந்துச்சு? ஒரு கல்ல எடுத்து வீசியிருக்கலாம்ல? எம்பொண்ணு அப்புடி ஆவ வேணாங்க."

ஆராய்ச்சியில் குறுக்கிடக் கூடாது என்று என்னவோ ஆரம்பித்தேன். என் வாயிலேயே அது கசந்தது. உள்ளே சொல்தா மறுபடி மைக்கைப் பிடித்திருந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டது.

அப்பா கூப்பிட்டனுப்பிய பிறகுதான் மகள் வெளியே வந்தாள். அழவில்லை, அருவருப்பும் இல்லை. நேரே என்னிடம் வந்து, "அதுங்களுக்குப் பசியா டீச்சர், இல்ல வேற ஏதாச்சும் காரணமா?" என்று கேட்டாள்.

அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் அதைக் கேட்டாள். படிக்க விட்டிருந்தால் பதிலையும் அவளே தேடிக் கண்டுபிடித்திருப்பாள். பரீட்சை முடிந்த கையோடு கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.