'யூ, யூ' என்று கூப்பிட்டவர்

புனேயை ஒட்டிய கட்கியில் கால்நடை டாக்டராக இருந்த ராம்பிரசாத், தெருநாய்களுக்குச் சேவை செய்ய 2004இல் இஸ்தான்புல் போனார். உலகத்து நாய்களெல்லாம் தனக்காகத்தான் வாலாட்டிக்கொண்டிருப்பதாக அவருக்கு நினைப்பு. முதல் நாள், தடுப்பூசியும் கையுமாகத் தெருவில் நின்று, புனேயில் எல்லாரும் நாயைக் கூப்பிடுகிற மாதிரி, "யூ, யூ" என்றார். ஒரு நாயும் அசையவில்லை. காபி குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் எழுந்து வந்து, "மீ?" என்றார். அன்றைக்கு அவர் கூப்பிட்டு வந்த ஒரே ஜீவன் அதுதான்.

போகப்போக, அந்த ஊர்க்காரர்கள் நாயைக் கூப்பிடுகிற "குச்சு, குச்சு" பழகிவிட்டது. திரும்பி வந்ததும் வாசலில் நின்று, பெருமையாக அதையே எடுத்துவிட்டார். கட்கி நாய்கள் கொட்டாவி விட்டன.

"அதுங்களுக்கு மராட்டிதான் புரியும்" என்ற மனைவி பாமா, பழைய சப்பாத்தியோடு வந்து, "யூ, யூ" என்றாள்.

நாய்களை முந்திக்கொண்டு ராம்பிரசாத் போய் நின்றார்.