மீட்டர் பார்த்து முடிவான கல்யாணம்

பழைய கார் வாங்கி ஏமாறுவதில் என் அப்பாவை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. மூன்று கார் வாங்கினார். மூன்றையும் மீட்டரில் கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டித்தான் அவர் தலையில் கட்டினார்கள். அதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். மீட்டருக்குப் போகிற கேபிளைக் கழற்றிவிட்டால் வண்டி திருவனந்தபுரம் போய்த் திரும்பினாலும் எண் ஏறாது. விற்கும்போது, "டாக்டர் வச்சிருந்த வண்டியாக்கும், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் ஓடியிருக்கு" என்பார்கள். மூன்று தடவையும் அந்த டாக்டரை அப்பா நம்பினார். நான்காவது தடவை உஷாராகிவிட்டார். அந்த நான்காவது தடவை என் கல்யாணப் பேச்சாக அமைந்தது என் நேரம்.

2006. மாப்பிள்ளைக்கு ஊர் இரணியல், வேலை மெல்போர்னில். லீவில் வந்தபோது பெண் பார்க்க வந்தார்கள். முன்னறையில் பத்து நிமிடம் எங்களைப் பேசவிட்டார்கள். என்ன வேலை என்று கேட்டேன். ஒரு பணக்காரருடைய பழைய கார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றார்.

"அதுல ஒண்ணு வெளிய போகவே செய்யாது. ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் சத்தத்தக் கேட்டுக்கிட்டு நிப்பேன். பொறவு ஆஃப் பண்ணிருவேன்."

பெண் பார்க்க வந்த இடத்தில் சம்பளத்தைச் சொல்லாமல் ஒரு எஞ்சின் சத்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது. கட்டினால் இவரைத்தான் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். ஆனால் அப்பா சம்மதிக்க வேண்டுமே.

அவர் திரும்பிப் போய் ஈமெயிலில் அந்தக் காரின் படம் ஒன்று அனுப்பினார். நாகர்கோவில் பிரவுசிங் சென்டரில் கலர் பிரிண்ட் எடுத்து வந்தேன். மஞ்சள் கார், கறுப்புப் பட்டைகள், பின்னால் இறக்கை மாதிரி தூக்கிக்கொண்டு ஒரு பலகை, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அவர்.

"புலி வேசம் கட்டினது மாதிரில்லா இருக்கு" என்றாள் அம்மா.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ரெண்டு கதவுதான் இருக்கு. பின்னால இருக்கவன் ஜன்னல் வழியா ஏறுவானா?"

அதோடு விட்டிருக்கலாம். நான்தான் பெருமையாக, முப்பத்தைந்து வருஷத்துக் கார், பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையாம் என்று சொல்லித் தொலைத்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"கேபிளக் கழத்தியிருக்கான்."

"அது அவரு கார் இல்லப்பா. மொதலாளிக்க கார்."

"அடுத்தவன் வண்டியில கழத்தியிருக்கானா? அது அதவிட மோசம்லா. கார்ல இப்படின்னா பொண்ணு விசயத்துல என்னெல்லாம் மறைப்பான்?"

ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. மூன்று கார் புரோக்கர்கள் செய்த திருட்டுக்கு, கடல் தாண்டி இருக்கிற ஒரு அப்பாவி மாட்டிக்கொண்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்தபோது, அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு விசாரணைக்கு உட்கார்ந்தார்.

அவர் பொறுமையாகச் சொன்னார். அந்த ஊர் கார் பந்தயத்தில் ஒரு விதி உண்டாம். பந்தயத்துக்கென்று தனியாகக் கார் செய்து ஓட்டக்கூடாது. அதே மாதிரி கொஞ்சம் கார்கள் செய்து சாதாரண ஜனங்களுக்கும் விற்றாக வேண்டும். அப்படி விற்ற சிலவற்றில் இது ஒன்று, அதனால்தான் இவ்வளவு கிராக்கி. "நம்ம ஆரல்வாய்மொழி காத்துக்கு எதுத்தாப்பல விட்டாலும் சும்மா பறக்கும் மாமா. ஆனா ஓட ஓட மதிப்புக் கொறையும்னு மொதலாளி மூடிப் போட்டிருக்காரு."

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தேனொழுகக் கேட்டார்.

"அந்த கேபிளக் கழத்திட்டு ஓட்டுனா என்ன? மீட்டரு ஏறாதுல்லா?"

  அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. "அப்படியும் செய்யலாமா மாமா?"

நிஜமான ஆச்சரியம் அது. அப்பா சிரித்துவிட்டார். போனை வைத்ததும், "இவனுக்குத் திருட்டுத்தனம் சொல்லிக் குடுத்தாலும் வராது. ஆளு கொள்ளாம், நல்ல பய" என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அப்பா சம்மதத்தை மட்டும் சொல்லவில்லை. மறுநாள், அதற்கு மறுநாள் என்று நாள் போனது. கடைசியில் அந்த முதலாளியைத் திட்ட ஆரம்பித்தார்.

"கிறுக்கன். ஓடுகதுக்குன்னு செஞ்ச வண்டிய வீட்டுக்குள்ள மூடி வச்சிக்கிட்டு, தெனமும் பாத்து ரசிக்கானாம்."

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "நீங்க மட்டும் என்னவாம்? வந்த மாப்பிள்ளைக்கெல்லாம் ஒரு குத்தம் சொல்லி அனுப்புகியோ. ஒருத்தனுக்கு மூக்கு சரியில்ல, ஒருத்தனுக்கு ஊரு சரியில்ல, இப்ப மீட்டரு. இவள வீட்டுலயே வச்சிக்கிடணும். அதுதான உங்களுக்கு?"

என்னைக் காரோடு சேர்த்துப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் அந்த நேரத்தில் அம்மாவைத் திருத்த நான் என்ன பைத்தியமா? 

 அப்பா அந்த பிரிண்டை எடுத்துப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அதுவரை அப்பாவுக்கு மீட்டர்தான் பிரச்சினை என்று நான் நம்பியிருந்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

"ஏட்டி, அங்க போனா வருசத்துக்கு ஒருக்கவாவது வருவியா?"

"வருவேம்ப்பா" என்றேன்.  அவர் உடனே இரணியல் வீட்டுக்குப் போன் போட்டு, "பொண்ணு தாறோம்" என்றார்.  ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகிப் போன பத்து வருஷத்தில் நான் நான்கு முறைதான் வந்தேன். வேலை, பிள்ளைகள், டிக்கெட் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். நான்கு முறையும், விமானம் இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அப்பா திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் வந்து நின்றிருந்தார். நான் கொடுத்த வாக்கை ஒரு தடவைகூட அவர் ஞாபகப்படுத்தவில்லை.