கரண்ட் போன பகலில் கேட்ட இரைச்சல்

முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது பக்கத்து வளவுக்காரர் மீதுதான்.

நல்ல மனுசி அவர். கணவர் கட்டாரில் இருக்கிறார். வீட்டைப் பெருப்பித்துக் கட்டி, கிணற்றுக்குப் புது மோட்டர் பூட்டியிருந்தார். அதைப் பூட்டிய அதே கிழமைதான் எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி நடந்தது. நான் கணிதம் படிப்பிக்கிறவள். அதனால் புள்ளி கூட்டும் வேலை ஒவ்வொரு வருடமும் என் தலையில்தான். அந்த முறை எனக்கு மேசை போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று நின்றது. காலையிலிருந்து பின்னேரம் வரை அதன் வாயருகே இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது இரண்டு காதும் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தன. மறுநாள் விடிய அந்த அடைப்பு போய்விட்டது. அதற்குப் பதிலாக மெல்லிய கூவல் ஒன்று, விடாமல், ஒரே சுருதியில்.

விளையாட்டுப் போட்டியை நான் நினைக்கவே இல்லை. அங்கே எல்லோரும்தானே இருந்தார்கள், எனக்கு மட்டும் என்ன வரப்போகிறது? மோட்டர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

முடிவு கட்டியபின் ஆதாரம் தேடத் தொடங்கினேன். பழைய கொப்பி ஒன்றில் நேரங்களைக் குறித்தேன். காலை ஆறேகால், பலமாக. பத்து மணி, கொஞ்சம் குறைவு. மத்தியானம், மறுபடியும் பலமாக. அவர் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் விழுகிறதா, அவர் வெளியே போகும்போது கூவல் நிற்கிறதா என்று யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். ஒருமுறை அவர் என்னைக் கண்டு கையை அசைத்தார். நான் சீலையை இழுத்துவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை முற்பகல், பொறுக்க முடியாமல் படலையைத் திறந்துகொண்டு போனேன்.

"அந்த மோட்டரக் கொஞ்சம் நிப்பாட்டுறீங்களா? விடியக்காலமயிலருந்து ஓடுது."

அவர் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தார். சவர்க்கார நுரையோடு எழும்பி நின்றார். "மோட்டரா டீச்சர்? அது ஓடயில்லையே."

"ஓடுது. எனக்குக் கேக்குது."

கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார். "வாங்க, வந்து நீங்களே பாருங்க."

கிணற்றடிக்குக் கூட்டிப்போய் என் கையைப் பிடித்து மோட்டரின் மேல் வைத்தார். அது குளிர்ந்து கிடந்தது. "ஒம்பது மணியிலருந்து கரண்டே இல்ல. வயர் மாத்துறாங்களாம். நான் வாளியால அள்ளித்தான் கழுவுறன்."

என் கை மோட்டரில் இருந்தது. கூவல் நிற்கவில்லை.

கையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். படலையைச் சாத்தும்போதுகூட, உள்ளே வேறு ஏதும் இயந்திரம் வைத்திருக்கிறாரோ என்றுதான் யோசித்தேன்.

அதன்பிறகு மற்றச் சத்தங்களும் வலிக்கத் தொடங்கின. தேத்தண்ணிக் கோப்பையில் கணவர் கரண்டி போட்டுக் கலக்கினால் பின்கழுத்து வரை குத்தும். உயர்தரம் படிக்கும் மகள் பேனையின் பின்பொத்தானை டிக், டிக் என்று அமுக்கிக்கொண்டே இருப்பாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் ஒரேயடியாகக் கதிரையை இழுத்து எழும்பி வணக்கம் சொல்லும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எங்கள் வாவியில் மீன்கள் பாடும் என்று ஊரில் ஒரு பழைய கதை உண்டு. ஆசிரியர் அறையில் ஒருவர், "வாவியில மீன் பாடுறது டீச்சருக்கு மட்டும் கேக்குது போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வரும் முன்பே என்னைப் பற்றிக் கதைத்து வைத்துச் சிரித்த சிரிப்பாக அது எனக்குப் பட்டது. பாமசியில் காதடைப்பான் வாங்கி நாள் முழுக்கப் போட்டுக்கொண்டேன், வீட்டிலும். பிறகு லீவு எழுதிக் கொடுத்தேன்.

வீட்டில் இருந்தபோதுதான் கவனித்தேன், கணவரும் மகளும் குசினிக்குள் குசுகுசுத்தார்கள். நான் போனால் நிறுத்தினார்கள். சில்வர் குவளைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அந்த இடத்தில் பிளாஸ்டிக் கோப்பைகள் வந்தன. எனக்குப் பைத்தியம் என்று முடிவெடுத்து எங்கேயோ அனுப்ப ஆயத்தம் செய்கிறார்கள் என்று உறுதியாக நம்பினேன். ஒரு நாள் காலை சாப்பாட்டுக் கதிரை ஒன்றை இழுத்தேன். சத்தமே வரவில்லை. கவிழ்த்துப் பார்த்தேன். நான்கு காலிலும் பழைய செருப்பு ரப்பரை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தது. ஆறு கதிரையிலும் அப்படித்தான்.

"என்ன செய்றீங்க ரெண்டு பேரும்? எனக்கு ஒளிச்சு என்ன நடக்குது இஞ்ச?" என்று கத்தினேன். என் குரலே என் காதைக் குத்தியது.

மகள் அழுதுவிட்டாள். "சத்தம் வரக்கூடாதெண்டுதானம்மா. சொன்னா அதுக்கும் கோவிப்பீங்க."

கணவர் கவிழ்ந்த கதிரையை நிமிர்த்தி வைத்தார். "நாளைக்குக் கிளினிக்குக்குப் போவம். நானும் வாறன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் வைத்தியர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, காது சுத்தமாக இருக்கிறது, இது காதிரைச்சல், கேட்டல் பரிசோதனை செய்து வாருங்கள் என்றார். துண்டில் ஏதோ சின்னதாக எழுதினார். பெரிய நோய் ஒன்றை மறைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பரிசோதனை செய்பவர் என்னைவிட வயதில் குறைந்த பெண். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் இருத்தி, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார். நான் அமுக்கினேன். திரும்பவும் அமுக்கினேன். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், நான் இன்னும் சத்தம் விடயில்ல."

அந்த இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. குற்றம் சாட்ட இனி வெளியில் ஆளே இல்லை.

பரிசோதனை முடிந்ததும், உயர்ந்த சுருதிகளில் கேட்டல் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார். பிறகு என் காதடைப்பானைக் காட்டி, "இத எவ்வளவு நேரம் போடுறீங்க?" என்று கேட்டார்.

"முழு நாளும்."

"அதான் பிழை. நீங்க பொத்தப் பொத்த, சத்தம் எங்க, சத்தம் எங்க எண்டு மூளை தேடும். தேடி எடுக்கிறதத்தான் நீங்க கேக்கிறீங்க. சின்னச் சத்தமும் பெரிசா விழும். மெல்லிசா ஏதாவது ஒரு சத்தம் எந்நேரமும் பக்கத்தில இரிக்கட்டும். ஃபேன் போதும். அடைப்பான் பெரிய சத்தத்துக்கு மட்டும்."

"சத்தத்தால கெட்ட காதுக்கு இன்னும் சத்தமா?"

"நம்ப ஏலாதுதான். செய்து பாருங்க."

கணவர், நான் நேரம் குறித்து வைத்த கொப்பியை எடுத்துக் காட்டினார். அந்தப் பெண் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இதையும் நிப்பாட்டுங்க" என்றார். கதிரைக் கதையைக் கேட்டதும் சிரிக்காமல், "அந்த ரப்பரையும் கழட்ட வேணும். ஒரேயடியா இல்ல, கிழமைக்கு ஒரு கதிரை" என்றார்.

"முழுசாப் போயிருமா?"

"போகும் எண்டு சொல்லமாட்டன். அது இரிக்கிறத மறந்து போற நேரம் கூடும்."

போய்விடும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன், அவரிடம் திரும்பிப் போயிருக்கவும் மாட்டேன்.

முதல் மாதம் முன்பைவிட மோசமாக இருந்தது. ஃபேனின் இரைச்சலுக்குள் கூவல் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று பிடிபடும்வரை உற்றுக் கேட்பேன். என் தேத்தண்ணியை நானே கலக்கினேன், முதலில் மரக்கரண்டியால், பிறகு சில்வர் கரண்டியால். நானே எழுப்பும் சத்தம் அவ்வளவு குத்தவில்லை. சனிக்கிழமைகளில் மகள் கத்தியால் ஒரு கதிரையின் ரப்பரைச் சுரண்டி எடுப்பாள். நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். நாலாவது கதிரைக்குப் பிறகு ஒரு பின்னேரம், பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்த ஒரு கட்டுக் கொப்பி முழுவதையும் திருத்தி முடித்திருந்தேன். அவ்வளவு நேரமும் கூவலை நினைக்கவில்லை என்று தெரிந்தது. தெரிந்த அந்த நொடியே அது வந்துவிட்டது. ஆனாலும் அதை மறந்திருந்த நேரம் என்னுடையதுதான்.

மன்னிப்புக் கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். "அதுக்கென்ன டீச்சர்" என்று தேத்தண்ணி தந்தார். அன்றிலிருந்து மோட்டர் போடும் முன் வேலியால் எட்டி, "டீச்சர், போடப்போறன்!" என்று ஒவ்வொரு முறையும் கூப்பிடுகிறார். அக்கறையா, நக்கலா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

லீவு முடிந்து வகுப்புக்குத் திரும்பிவிட்டேன். இரைச்சல் இன்றும் உண்டு. சில நாட்களில் அது என்னோடு சும்மா இருக்கும். அப்படியான நாட்களை நான் லேசில் நம்புவதில்லை.

போன மாதம் கணவரோடு ஏறாவூரில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, பின்னேரம் ஒரு கொத்துரொட்டிக் கடையில் நின்றோம். சூடான கல்லின் மேல் ரொட்டியை இரண்டு இரும்புத் தகடுகள் அடித்துக் கொத்திக்கொண்டிருந்தன.

"கட்டி எடுத்துட்டு வீட்ட போவமா?" என்று கணவர் கேட்டார்.

"இல்ல, இருப்பம்."

அடைப்பான் கைப்பையில் இருந்தது. முதல் சில அடிகள் கழுத்தில் இறங்கின. ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. கொத்துப் போடுகிறவரின் கைகளையே பார்த்தேன். கை உயரும்போதே சத்தம் வரப்போவது தெரிந்தது. தெரிந்து வந்த சத்தம் அவ்வளவு வலிக்கவில்லை. கொத்து வந்தது, சாப்பிட்டோம். பாதியில் என் கண்ணில் தண்ணீர் வந்தது. கணவர் சாப்பிடுவதை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"காதா?"

"இல்ல," என்றேன். "சரியான உறைப்பு. தண்ணியத் தாங்க."