அம்மா வந்த விமானமும் நாங்கள் கூட்டிய ஒன்றரை மணியும்

பிள்ளைகளே, அன்றைக்கு கட்டுநாயக்க விமான நிலைய வாசலில் அம்மா ஏன் பெட்டிமேல் தனியாக உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நம் தோட்டத்து லய வீடுகளில் ஆளுக்கொரு பதில் சொல்லியிருப்பார்கள். அப்பா நான் சொல்கிறேன், நடந்தது இதுதான்.

துபாயில் வீட்டு வேலை செய்த அம்மா, திரும்பி வரும் டிக்கெட்டைப் படம் பிடித்து போனில் அனுப்பியிருந்தாள். கூடவே பேசியும் அனுப்பியிருந்தாள்: "வெளிய வந்ததும் பிள்ளைக மூஞ்சியத்தான் மொதல்ல பாக்கணும். வேற ஒன்னும் வேணாங்க."

டிக்கெட்டில், காலை பத்துக்கு ஏறி மாலை நாலுக்கு இறங்குவதாக இருந்தது. போகும்போதும் பத்துக்குத்தான் ஏறினாள். ஆனால் பகல் ஒரு மணிக்கே இறங்கிவிட்டாள். அதே தூரத்துக்குப் போக மூன்று மணி நேரம், வர ஆறு மணி நேரமா?

"இதுல என்ன இருக்கு? போறது எறக்கம், வாறது ஏத்தம். நம்ம மலையில பஸ்சு ஏறுறதப் பாத்ததில்லையா?" என்றார் வேன்கார அண்ணன்.

தோட்டத் தலைவர் அதை ஏற்கவில்லை. அவர் விமானத்தில் போனதில்லை. போகாத விஷயத்தில்தான் அவருக்குத் தெளிவு அதிகம். அம்மாவுக்குப் போன் எடுக்க வசதியாக, நம் வீட்டுச் சுவரில் துபாய் நேரத்துக்கு ஒரு கடிகாரம் மாட்டியிருந்தோமே, அதைக் காட்டினார்.

"தம்பி, அந்த ஊரு நமக்கு ஒன்றரை மணி பின்னாடி. டிக்கெட்டு அங்க அடிச்சது. அப்ப அவங்க நாலு, நமக்கு அஞ்சரை. கூட்டிக்க."

லயமே கூட்டிக்கொண்டது. ஏறும் நேரத்தை ஏறுகிற ஊர்க் கணக்கிலும், இறங்கும் நேரத்தை இறங்குகிற ஊர்க் கணக்கிலும் போடுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. போகவும் வரவும் நாலரை மணி நேரம்தான். வானத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

நேரம் நிறைய இருக்கிறதென்று, பூமாலையோடு வந்த தலைவர் வழியில் அவிசாவளையில் வேனை நிறுத்தச் சொன்னார். தேயிலை மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் இருவரும் வேனில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் அம்மா யாருடைய போனிலிருந்தோ பேசினாள்.

"நான் கடலத் தாண்டி வந்துட்டேன். நீங்க இன்னும் அவிசாவளையத் தாண்டலியா?"

நாங்கள் போய்ச் சேர்ந்ததும் தலைவர் மாலையைப் போட்டார். "பிளேனு முந்தி வந்துருச்சும்மா."

"ஆமாங்கண்ணே. அதுக்கு என்ன அவசரமோ," என்றாள் அம்மா. உங்கள் கன்னங்களைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னாள்: "கதவு தொறந்ததும் எம்புட்டு மூஞ்சி. ஒன்னுகூட எனக்காக வந்தது இல்ல."

மறுநாள் உங்களைக் கூட்டிக்கொண்டு அம்மா கோயிலுக்குப் போனாள். நான் ஸ்டூலில் ஏறி அந்தத் துபாய்க் கடிகாரத்தைக் கழற்றினேன். முள்ளை ஒன்றரை மணி முன்னே தள்ளிவைத்து, துடைத்து, அதே ஆணியில் திரும்ப மாட்டினேன்.