பெட்டிக்குத் தைத்த உறை

அச்சுக்கடையில் வேலை பார்க்கும் தம்பி, பழைய கணினி ஒன்றைச் சர்வராக்கி வீட்டுப் படங்களை எல்லாம் அதில் ஏற்றி வைத்திருந்தான். அவனை நம்பி, வெளியூரிலிருக்கும் அக்கா தன் போனிலிருந்த குழந்தை படங்களை அழித்துவிட்டாள். ஒரு வாரமாக அந்தச் சர்வர் தினமும் மதியம் படுத்துக்கொண்டது.

“உன் டப்பா செத்துப்போச்சாடா? என் புள்ள முதமுதலா நடந்த வீடியோ அதுலதான் இருக்கு!” என்று அக்கா போனில் அழாத குறையாகக் கத்தினாள்.

வயரை மாற்றினான், ஃபேனை மாற்றினான், படங்களைத் தொடாமல் மென்பொருளை மட்டும் அழித்து மறுபடி ஏற்றினான். எதற்கும் அது மசியவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டவன், ஒருநாள் மதியம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தான்.

தையல் வேலை செய்யும் அம்மா, வீடு பெருக்கும் முன் அந்தப் பெட்டிக்குத் தடித்த உறை ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தாள். அளவெடுத்துத் தைத்த உறை. பச்சை விளக்கு தெரிய ஒரு காஜா ஓட்டை வேறு.

“அம்மா! அது மூச்சு விட வேணாமா? சூடு தாங்காமத்தான் அணைஞ்சு போகுது!”

“பெருக்கும்போது உள்ள தூசி போகுதேன்னு போட்டேன்டா. நீ பார்த்தா கிண்டல் பண்ணுவேன்னு சாயங்காலம் கழட்டிடுவேன்.”

பெட்டி ஆறியதும் குழந்தை திரையில் தத்தித் தத்தி நடந்தது. அப்போதும் அவனுக்கு எரிச்சல் அடங்கவில்லை.

“ஒரு வாரம்மா! பைத்தியம் பிடிக்காத குறை!”

அம்மா உறையை மடித்து வைத்தாள். “சரி, கொசுவலைத் துணியில தைக்கட்டுமா?”