நான் கொடுக்காத ஈரல்

ஏழு மாதக் கர்ப்பத்தில் என் மனைவிக்கு முகம் வெளுத்தது. நாக்கு புண்ணாகிக் கஞ்சிகூட இறங்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ஆரல்வாய்மொழியிலிருந்து வில்வண்டி கட்டி நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா அவள் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

“ரத்தத்துல உள்ள சிவப்பணு எல்லாம் அளவுக்கு மிஞ்சிப் பெருசா இருக்கு.”

“பெருசா இருந்தா நல்லதுதானே?” என்று கேட்டேன்.

“இல்ல. பக்குவப்படாம பெருத்து நிக்கு. எண்ணிக்கையும் கொறவு. ஆட்டு ஈரல லேசா வேகவச்சு தெனமும் குடுங்க. கீரையும் வேணும்; வெந்த தண்ணியக் கொட்டிராதீங்க.”

நாங்கள் சைவம். விஷயத்தைச் சொன்னதும் அம்மா, “ஏலே, இந்த அடுப்புல அது ஏறணும்னா நான் செத்த பொறவு ஏத்து” என்றாள். முருங்கைக்கீரை மட்டும் கொடுத்தோம்.

மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தார்கள்.

“ஈரல் குடுக்கியளா?”

“குடுக்கேன்” என்றேன். வைவாரோ என்ற பயம். பக்கத்தில் என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

“குடுத்தும் மாறல்லியே. அப்ப வேற என்னமோ கோளாறு” என்று டாக்டரம்மா குழம்பினார்.

திரும்பும் வழியில் வண்டி வடசேரி தாண்டியதும் அவள் சொன்னாள்: “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா தின்னிருப்பேனே. பிள்ளைக்காகத் தின்னிருப்பேன்.”

மறுநாளே கோட்டாறு சந்தைக்குப் போய் ஈரல் வாங்கிவந்தேன். தொழுவத்துக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி நானே வேகவைத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள். முதல் நாள் வாந்தியெடுத்தாள்; பிறகு தங்கியது. ஒரு வாரத்தில் நாக்குப் புண் ஆறி, நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டாள். அம்மா எங்கள் இருவரோடும் பேசவில்லை.

பத்தாம் நாள், மாதம் நிறையும் முன்பே வலி கண்டது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ரத்தப்போக்கு அதிகமில்லைதான், ஆனால் அதைக்கூடத் தாங்க அவள் உடம்பில் ரத்தமில்லை. மத்தியானத்துக்குள் போய்விட்டாள்.

வராந்தாவில் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா இங்கயே படுக்கவச்சு நானே குடுத்திருப்பேன்” என்றார். குரலில் கோபமே இல்லை. வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

குழந்தையைக் கையில் வாங்கிய அம்மா, “இவளுக்கு டாக்டர் எது சொன்னாலும் குடுப்போம், மக்கா” என்று அழுதாள்.