கடைசி பஸ்ஸுக்காக உக்காந்தவங்களும் கேட்டுச் சாவியும்

யுனிவர்சிட்டி செக்யூரிட்டி வேலைல திருடனைப் பிடிக்கிறது சுலபம். சும்மா உக்காந்திருக்கிற பசங்களைக் கட்டுப்படுத்தச் சொல்லும்போதுதான் உயிர் போவும். கேட்டுல நின்னு நின்னு கால் வீங்கின அக்காமாரே, அண்ணன்மாரே, உங்களுக்குத் தெரியாததா?

சாயங்காலம் ஓடுற யுனிவர்சிட்டி கடைசி பஸ்ஸை நிறுத்திட்டாங்க. பிள்ளைச்சாவடி கிராமத்துலேருந்து படிக்க வர்ற கயலுக்கு லேப் முடியவே இருட்டிடும். பஸ் இல்லன்னா படிப்பும் வேணாம்னு அவங்கப்பா சொல்லிட்டாரு. அதான் அவளும் கூட்டாளிங்களும் ஆபீஸ் வாசல்ல உக்காந்துட்டாங்க. கோஷம்கூட இல்ல, பாவம்.

நாலு பேர்

அஞ்சு பேர் ஒண்ணா கூடக்கூடாதுன்னு ரெஜிஸ்ட்ரார் சர்க்குலர் ஒட்டினாரு. பசங்க நாலு நாலு பேரா பிரிஞ்சு, நடுவுல இடம் விட்டு உக்காந்தாங்க. வாசலோட இருந்த கூட்டம் கேண்டீன் வரைக்கும் நீண்டுடுச்சு! ஒரு கும்பல்ல மட்டும் அஞ்சு தலை. "ஒருத்தர் எழுந்திரிங்கப்பா"ன்னேன். கயலு எழுந்து வந்து என் நாற்காலி பக்கத்துல உக்காந்துக்கிட்டா.

"இப்ப நாம ரெண்டு பேரும் ஒரு கும்பல்க்கா, இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கு."

குளியல்

ரெஜிஸ்ட்ராரோட அடுத்த யோசனை, புல்லுக்குத் தண்ணி பீச்சுற குழாயைத் திறந்துவிடறது. நனைஞ்சா ஓடிடுவாங்களாம். நம்ம ஊரு மே மாச வெயில்ல, உப்புக் காத்துல, எவன் ஓடுவான்? ஹோன்னு ஒரே கூச்சல், கும்மாளம். ஒருத்தன் சோப்போட வந்துட்டான். எங்க செக்யூரிட்டி ஆபீசர் பிரெஞ்சு பட்டாளத்துல பென்ஷன் வாங்கினவரு. தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சாரு.

"பட்டாளத்துல எவ்வளவோ கலாட்டா பாத்தேம்மா, தேங்க்ஸ் சொல்லித் துண்டு கேக்கிற கூட்டத்தை இப்பதான் பாக்குறேன்."

கேட்டு

வெளியாளுங்க வந்துடுவாங்கன்னு மெயின் கேட்டைப் பூட்டச் சொன்னாரு ரெஜிஸ்ட்ரார். பூட்டினேன். மறுநாள், கேட்டை மறிச்சதா சொல்லி கயலுக்கு சஸ்பெண்ட் நோட்டீஸ்! பரீட்சையே எழுத முடியாது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

விசாரணைக்கு என்னையே சாட்சியா கூப்பிட்டாங்க. "கேட்டை மறிச்சது யாருன்னு பாத்தியாம்மா?"ன்னு தலைவரா உக்காந்திருந்த புரொபசர் அம்மா கேட்டாங்க. வேலை போனா போவட்டும்னு சாவியை எடுத்து மேசைமேல வெச்சேன். "நான்தான் மேடம். பூட்டச் சொன்னது அதோ, அந்த சாரு." கயலு வாயைப் பொத்திக்கிட்டா. மேடம் சிரிப்பை அடக்கிக்கிட்டு ரெஜிஸ்ட்ரார் பக்கம் திரும்பினாங்க.

"அப்ப இந்த சஸ்பெண்ட் ஆர்டர்ல யார் பேரைப் போடணும் சார்?"

கயலு பரீட்சை எழுதிட்டா, பஸ்ஸும் வந்துடுச்சு; ஒரு பஸ்ஸை ஓட்ட ஒரே ஒரு டிரைவர் போதும், ஓட்டாம நிறுத்திவைக்கத்தான் ஒரு யுனிவர்சிட்டியே வேண்டியிருக்குது.